ஃபேன் இல்லாத மேடை

சேலத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் மிக்ஸர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதம் ஏற்காட்டில் கல்யாண வரவேற்பு, மெல்லிசைக் கச்சேரி. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வேன் ஏறி முடிப்பதற்குள் பின்னால் கருவிகள் அடுக்கிய ரேக் பெட்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஒயர் இழுத்து, பவர் கொடுத்ததும் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். யாரும் பாடவில்லை, பேசவில்லை. குக்கர் விசிலடிக்கும் முன் ஆவி விடுமே, அந்த மாதிரி.

"ஜெனரேட்டர்தாண்ணா" என்றான் கூட வந்த தம்பி. ஜெனரேட்டரோ எர்த்தோ என்றால் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ரீங்காரம் வரும். இது அதுவல்ல. வளைவில் ஆடியதில் ஏதோ கழன்றிருக்கும் என்று நான் அரை மணி நேரம் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். வீண் வேலை.

அப்புறம்தான் நிதானம் வந்தது. பாட்டுக்கு எதிரொலி சேர்க்க ஒரு எக்கோ பெட்டி உண்டு. மிக்ஸரிலிருந்து அதற்குப் போகும் வழி சென்ட், திரும்பி வரும் வழி ரிட்டர்ன். மிக்ஸரில் ரிட்டர்ன் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினேன், சத்தம் நின்றது. மறுபடி ஏற்றிவிட்டு, எக்கோ பெட்டிக்குள் போகும் பின்னை உருவினேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆக, மைக்கும் மிக்ஸர் சென்டும் குற்றவாளி இல்லை. பெட்டியிலோ, அது திரும்பி வரும் வழியிலோதான் சங்கதி. திரும்பி வருவதைப் பெருக்கும் ரிட்டர்ன் கெயின் குமிழைப் பார்த்தேன். கடிகாரத்தில் மூன்று மணி காட்டும் இடத்தில் நின்றது. அங்கே வைத்தவன் நான்தான்.

டார்ச் அடித்து ரேக்கின் பின்புறம் பார்த்தால், நகக்கண் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். பெட்டி எந்த அளவு சிக்னலை வாங்கி அனுப்ப வேண்டும் என்று சொல்வது அது: ஒரு பக்கம் பிளஸ் 4, மறுபக்கம் மைனஸ் 10. அது மைனஸ் 10-இல் கிடந்தது. எங்கள் மிக்ஸர் அனுப்புவது பிளஸ் 4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். மைனஸ் 10 டிபிவி என்பது 0.316 வோல்ட்தான், வீட்டு டேப் டெக் வகையறாவுக்கான அளவு. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம், டெசிபலில் 12.

எப்போதோ ஒரு கச்சேரியில் பாடகர் மேல்ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் உள்ளே வருவது அளவு மீறுகிறது என்று பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பயந்துபோய் சென்டை அடியோடு குறைத்தேன். ஒரே ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மினுக்கியது. எக்கோ மெலிந்துபோனதும் ரிட்டர்ன் கெயினை ஏற்றினேன். சிவப்பு போச்சு, எக்கோ வந்தாச்சு, சரி என்று விட்டுவிட்டேன். பெட்டிக்குள் பாட்டு முனகிக்கொண்டிருக்க, அதன் சொந்த இரைச்சலையும் சேர்த்தல்லவா தூக்கிவிட்டிருக்கிறேன்! சேலத்து மண்டபங்களில் அது காதில் விழவே இல்லை. மே மாதத்தில் தலைக்கு மேல் அத்தனை ஃபேன் சுற்றுகிறது, அந்தச் சத்தத்தில் எது கேட்கும்? ஏற்காட்டு மண்டபத்தில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை.

ஸ்விட்சை பிளஸ் 4-க்குத் தள்ளினேன். 'உஸ்ஸ்' குறையவில்லை, 'புஸ்ஸ்' என்று சீறியது.

"அண்ணா, அதிகமாயிடுச்சே!"

எனக்கும் ஒரு நொடி திக்கென்றது. யோசித்தால் நியாயம்தான்: பெட்டியின் வெளிவரத்து நாலு மடங்கு ஆகிவிட்டது, ரிட்டர்ன் கெயினோ இன்னும் மூன்று மணியில். முதலில் ஃபேடரை இறக்கிவிட்டு ஸ்விட்சைத் தொட்டிருக்க வேண்டும். கெயினைக் குறைத்தேன். பாடகரை அவருடைய உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி, மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கும் வரை சென்டை ஏற்றினேன், சிவப்பைத் தொடவிடவில்லை. அப்புறம் ஸ்பீக்கர் ஹார்னில் காதை வைத்தால்தான் சத்தம் கேட்டது.

இறங்கும் முன் தம்பி அந்த ஸ்விட்ச் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினான். மறுநாள் ஷெட்டில் மற்ற இரண்டு ரேக்குகளையும் போட்டுக் கேட்டோம், வேர்க்க வேர்க்க, ஃபேனை நிறுத்திவிட்டு.