கூடலூர் வார்டு நாட்குறிப்பு

ஜூலை 8
மழை விடவில்லை. மதியம் ஜீப்பில் வந்த பணியர் பழங்குடிச் சிறுமிக்கு ஏழு வயது. சிக்கிள் செல் நோய் உண்டு; சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய். மூன்று நாளாகக் காய்ச்சல். வலது கெண்டைக்காலின் முன்னெலும்பைத் தொடவிடவில்லை. பேதி இல்லை. “கால்வலி எப்போதும் வருவதுதான் டாக்டர், இந்தக் காய்ச்சல்தான் புதிது” என்றார் தாய். அவர் சொன்னதுதான் நோயறிதலின் பாதி.

இந்தப் பிள்ளைகளின் மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டாலும் கிருமியை வடிகட்டும் வலு அதற்கு இருப்பதில்லை. குடலிலிருந்து ரத்தத்தில் இறங்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா, ரத்த ஓட்டம் அடைபட்டு நலிந்த எலும்பில் போய்த் தங்கிவிடும். தினமும் தரும் பென்சிலின், நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியைத் தடுக்கத்தான், இதற்கு உதவாது.

முதலில் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, ரத்தம்; கையோடு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. சிஸ்டர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கப் போனார். தடுத்தேன், குளிரில் கிருமி வளராமல் போகலாம். மேசைமேலேயே இருந்து, மாலை பஸ்ஸில் ஊட்டிக்குப் போயிற்று.

ஜூலை 9
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எலும்பில் மாற்றம் தெரியப் பத்து நாளுக்கு மேலாகும் என்பதால் நிம்மதி கொள்ள இடமில்லை. டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். டைபாய்டுக்கே நம்ப முடியாத சோதனை அது, வேண்டாம் என்றேன்.

ஜூலை 11
ஆய்வகத்திலிருந்து அழைப்பு. சால்மோனெல்லாதான், ஆனால் டைபாய்டுக் கிருமி அல்ல. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கும். மருந்து சரி. அப்படியிருந்தும் இரவில் 39 டிகிரி. மருந்தை மாற்றிப் பயனில்லை. சீழ் எங்கோ ஒளிந்திருக்கிறது. நாளையே ஸ்கேன்.

ஜூலை 12
எலும்பை ஒட்டி, அதன் மேலுறைக்கு அடியில் திரவம். எலும்பு மருத்துவர் ஊசியால் உறிஞ்சினார். கலங்கிய மஞ்சள் சீழ். ரத்த அடைப்பால் மட்டும் வந்த வலி என்றால் இவ்வளவு சீழ் வராது. மாலையே அறுவை அரங்கில் திறந்து கழுவினார்கள்.

ஜூலை 17
மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. கஞ்சி போதாது, மீன் வேண்டும் என்கிறாள். ரத்தத்தில் மட்டும் கிருமி இருந்திருந்தால் இரண்டு வாரம் மருந்து போதும். எலும்பு என்பதால் ஆறு வாரம். மழையில் ஊருக்கும் இங்கும் அலைய முடியாது. தாயும் மகளும் வார்டிலேயே தங்கட்டும் என்று முடிவு செய்தோம். தம்பிக்கு இன்னும் சிக்கிள் செல் பரிசோதனையே ஆகவில்லையாம். திங்கட்கிழமை அவனை அழைத்து வரச் சொல்லி, சுகாதாரப் பணியாளரிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன்.