வேடந்தாங்கலுக்கு ஒரு விளக்கத் திட்டம்

வேடந்தாங்கல் ஏரிக்கு வருகிறவர்களுக்கு எதை, எங்கே, எப்படிச் சொல்வது என்று ஒரு திட்டம் எழுதித் தரும் வேலை எங்கள் சிறு தன்னார்வக் குழுவுக்கு வந்தது. கரையில் வைக்கும் பலகைகள், பள்ளிப் பிள்ளைகளுக்கான நடை, உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். வேறு ஏரி, சதுப்புநிலம் பக்கம் இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் எல்லாரும் கையில் எடுத்தது பறவைப் பட்டியலைத்தான். கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் படம், அறிவியல் பெயர், சென்டிமீட்டரில் நீளம். என்னைக் கேட்டால் அது விளக்கம் இல்லை, வருகைப் பதிவேடு.

அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வைக் கோபுரத்தின் பக்கம் நின்று மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டோம். பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த குடும்பங்கள். "இவ்வளவு பறவை ஏன் இங்கேயே வருது?", "கிட்டப் போக முடியாதா?", "பாத்ரூம் எங்கே?" இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் தவிக்கிறவர் முதல் கேள்விக்கான பலகையை நின்று படிக்க மாட்டார். திட்டத்தின் முதல் பக்கத்திலேயே கழிவறைக்கு அம்புக்குறி போட்டோம்.

முதல் கேள்விக்கான பதில் ஏரிக்குக் கீழே, வயலில் இருந்தது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போகிறது. "எங்க பயிருக்கு உரம் போடுறது யாருன்னு மேல பாருங்க தம்பி" என்றார் வரப்பில் நின்ற ஒரு பெரியவர். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் போய்க் கேட்க, 1798-இல் ஆங்கிலேயக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிக்காததும் அப்படியே.

ஆக, மையச் செய்தி கிடைத்துவிட்டது: பறவை தண்ணீருக்கு உரம் தருகிறது, தண்ணீர் வயலுக்குப் போகிறது, அதனால் ஊர் பறவையைக் காக்கிறது. இதோடு ஒட்டாத எதுவும் பலகையில் ஏறக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். 2022-இல் கிடைத்த ராம்சர் தகுதிக்கு, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் அங்கீகாரத்துக்கு, தனிப் பலகை வேண்டும் என்று குழுவில் ஒருவர் மல்லுக்கட்டினார். இரண்டு வரியோடு சமாதானம் ஆனது. ஆனால் ராம்சர் ஒப்பந்தம் தன் விழிப்புணர்வுத் திட்டத்தில் மக்கள் பங்கேற்பையும் சேர்த்திருப்பது எங்களுக்குக் கைகொடுத்தது. அதைக் காட்டித்தான் வரைவை ஊராரோடு உட்கார்ந்து திருத்த அனுமதி வாங்கினோம்.

பலகை விஷயத்தில் சில நடைமுறைகள். இடுப்புயரத்துக்குச் சாய்வாக வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் ஏரியை மறைக்கும். மரத்தடி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சிவப்பு நிறத்தை நம்பாதீர்கள், வெயிலில் முதலில் வெளுப்பது அதுதான். அச்சகத்திலிருந்து வரும் மாதிரியைப் பறவை தெரிந்த ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்களுக்கு நத்தைகுத்தி நாரை என்ற தலைப்பின் கீழ் ஐரோப்பாவின் வெள்ளை நாரை வந்தது. கூரையின் மேல் கூடு வேறு.

நவம்பருக்குள் பலகை நடும் வேலை முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒரு மேசையில் கோப்பு படுத்துவிட்டது. கையெழுத்து வந்தபோது நாரைகள் கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கத் தொடங்கியிருந்தன. கூடு கட்டும் காலத்தில் கரையில் கடப்பாரை போடுவதில்லை என்று நாங்களே எழுதியிருந்ததால், அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்துவிட்டு வழிகாட்டிப் பயிற்சியை முதலில் எடுத்தோம்.

நல்லதாகப் போயிற்று. பயிற்சியில் ஒரே விதி: பெயரை முதலில் சொல்லக் கூடாது. பைனாகுலரைக் கொடுத்து, "அந்த அலகு முழுசா மூடுதா பாருங்க" என்று கேட்க வேண்டும். நத்தைகுத்தியின் அலகு நுனி சேர்ந்திருக்கும், நடுவில் இடைவெளி வழியே வெளிச்சம் தெரியும். எதற்கு அந்த இடைவெளி என்று பிள்ளைகள் கேட்ட பிறகுதான் நத்தை, வயல், ஏரி என்று பேச்சு நகரும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிப்பதைக் காட்டிவிட்டால், "கத்தாதீங்க, அது எழுந்து போனா குஞ்சு வெயில்ல காயும்" என்பதைப் பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். "அமைதி காக்கவும்" பலகை எதுவும் இந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு பலகைகளைப் பாதியாகக் குறைத்தோம். மிச்சப் பணத்தை வருடாந்திரப் பயிற்சிக்கும் பலகை கழுவும் கூலிக்கும் மாற்றினோம். பலகை கழுவக் கூலி எதற்கு என்று கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது. மரத்தடியில் இருந்த பழைய அறிவிப்புப் பலகை ஒன்றின் புகைப்படத்தை இணைத்து அனுப்பினோம். அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்தத் தொகைக்கு மட்டும் மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது.