முட்டிக்கு அவகாசம் உண்டு, மண்டைக்கு முதல் நாளில் கிடையாது

'அறுவை சிகிச்சை இல்லாமல் குணம்' என்று வருகிற விளம்பரங்களைக் கவனித்துப் பாருங்கள். முட்டிவலி, கழுத்துவலி, தோள்பட்டை வலி, தலைக்காயம் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே படுக்கை, ஒரே இயந்திரம், ஒரே பேக்கேஜ். கத்தி வேண்டாம் என்பவர்களை நான் கேலி செய்யப் போவதில்லை, பல வருட முட்டிவலிக்காரனாக நானும் அந்தக் கட்சிதான். ஆனால் முட்டியையும் மண்டையையும் ஒன்றாகக் கட்டி விற்பதுதான் பொறுக்கவில்லை. முட்டித் தேய்மானத்தில் நிதானமாக யோசிக்கலாம், ஒன்று சரிவரவில்லை என்றால் இன்னொன்றைப் பார்க்கலாம், சில மாதம் போனாலும் குடி முழுகாது. தலையில் அடிபட்ட முதல் நாளில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் முட்டி. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் வியப்புதான். தேய்மானம் உள்ள 180 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு முட்டிக்குள் குழாய் விட்டு நிஜமாகவே கழுவிச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, கழுவுகிற மாதிரி தண்ணீர்ச் சத்தத்தையும் எழுப்பி, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசமே இல்லை! அதனால் தேய்மானத்துக்கு 'சும்மா ஒரு சின்ன ஓட்டை போட்டுச் சுத்தம் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் அவசரப்படாமல் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். எம்ஆர்ஐ அறிக்கையில் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று இருப்பதைப் பார்த்தும் உடனே பதற வேண்டாம். ஐம்பது வயது தாண்டியவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 2008 ஆய்வில், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ விறைப்போ எதுவும் இருக்கவில்லை.

மூட்டு மாற்று அறுவை வேறு கதை, அதை இதோடு குழப்பக் கூடாது. டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. மாற்றுமூட்டு வைத்துக்கொண்டு அதோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு ஒரு வருடத்தில் வலி நன்றாகவே குறைந்தது, அறுவை இல்லாமல் பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை என்று போனவர்களைவிட அதிகமாகவே குறைந்தது. ஆனால் அந்த இரண்டாவது தரப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரு வருடம் முடிந்தும் அறுவைக்குப் போகவில்லை, மோசமான பக்கவிளைவுகளும் அவர்களுக்குக் குறைவு. ஆக, தள்ளிப்போடலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஒருபோதும் வேண்டாம் என்பதற்கு இல்லை. இரவில் தூங்கவிடாத வலி, நாலு எட்டு வைக்க முடியாத நிலைமை என்றால் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

சரி, தள்ளிப்போடுகிற காலத்தில் என்ன செய்வது? பதில் சலிப்பாகத்தான் இருக்கும்: தொடைத் தசை. கைப்பிடி இல்லாத நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக வைத்து மெதுவாக எழுந்திருங்கள். அதைவிட மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. உட்காருகிற அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் தொடை நடுங்கும், வேலை நடப்பதே அங்கேதான். வலித்தால்? பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாளைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இறங்கவில்லை என்றால் அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிசியோக்கள் சொல்கிற கணக்கு. எடை கூடுதலாக இருப்பவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழுகிற சுமை நாலு கிலோ குறைகிறது, இதுவும் அளந்து பார்த்த கணக்குதான்.

இதையெல்லாம் யாரும் பேக்கேஜாக விற்க முடியாது, அதனால்தான் விளம்பரத்தில் ஊசி வருகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோவையும் ஒப்பிட்ட 2020 ஆய்வில் ஒரு வருடம் கழித்து முந்தியது பிசியோ. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று இரண்டு வருடம் ஊசி போட்டுப் பார்த்த இன்னொரு ஆய்வில் உப்புத் தண்ணீர் ஊசியைவிட வலி அதிகம் குறைந்ததாகத் தெரியவில்லை, குருத்தெலும்பு தேய்ந்ததுதான் அதிகம். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் திரும்ப ஏற்றுகிற பிஆர்பி ஊசி கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புத் தண்ணீர் ஊசியோடு வைத்துப் பார்த்ததில் ஒரு வருடத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. குளுக்கோசமைன் மாத்திரையும் பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. அக்குபஞ்சர் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் பொய்யாகக் குத்தினாலும் கிட்டத்தட்ட அதே அளவு உதவுகிறது என்பதுதான் சங்கடம். மெதுவாக அசைந்து செய்கிற சீன உடற்பயிற்சியான தைச்சி மட்டும் பிசியோவுக்குச் சமமாக நின்றது, அதுவும் நாமே செய்ய வேண்டியதுதான். வலி எடுத்தால் மேலே தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல துணை, அதே மருந்தை மாத்திரையாக விழுங்குவதைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தொல்லை குறைவு. எண்ணெய் தேய்த்து நீவி விட்டால் சுகமாக இருக்கும், சுகத்துக்காகச் செய்துகொள்ளுங்கள், தேய்ந்தது வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது தலை. அடிபட்டவர் எழுந்து பேசி, சிரித்து, 'ஒண்ணுமில்லை' என்று சொன்ன சில மணி நேரத்தில் மோசமாவது உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேர்ந்தால் அப்படித்தான் நடக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகிற தலைவலி, குழறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இது எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் மாற்று மருத்துவம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மருத்துவமனை வைத்தியத்துக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு வக்காலத்து வாங்கவில்லை. வீக்கம் குறையும் என்ற நியாயத்தில் தலைக்காயத்துக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2004-இல் 10,008 பேரின் கணக்கு வந்தபோது, மருந்து கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 17.9. அதற்கப்புறம் அந்தப் பழக்கம் நின்றது. அப்படி எண்ணிப் பார்த்து நிறுத்துகிற வழக்கம் மற்ற இடங்களிலும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, வெறும் மூளை அதிர்வுதான் என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் மாற்று வழிகளுக்கு நேரம் வருகிறது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வழக்கம். இப்போது ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, தொந்தரவு கூடாத அளவுக்குச் சைக்கிள். 2019-இல் விளையாட்டில் அடிபட்ட பதின்ம வயதினரிடம் பார்த்ததில் அப்படி அளவாக ஓடியாடியவர்கள் நடுத்தரமாக 13 நாளில் தேறினார்கள், வெறுமனே தசையை நீட்டி மடக்கியவர்கள் 17 நாளில்.

என் அக்கா மகனுக்குப் பின்மண்டையில் அடிபட்ட பிறகு படுக்கையில் புரண்டாலே அறை சுழன்றது. 'மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை' என்று ஓர் இடத்தில் அழுத்த ஆக்சிஜன் அறைக்குப் பேக்கேஜ் சொன்னார்கள். அக்காவிடம் வேண்டாம் என்றேன். அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வுகளில் நிஜ அறையில் உட்கார்ந்தவர்களும் போலி அறையில் உட்கார்ந்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். அப்புறம் தலைசுற்றல் பார்க்கிற பிசியோ ஒருவர் முதலில் கழுத்தைச் சோதித்தார், பிறகு அவன் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவிழி துடித்துத் துடித்துச் சுழன்று நின்றது. உள்காதில் இடம் பெயர்ந்த துகள்கள்தான் காரணமாம். தலையை மறுபக்கம் திருப்பி, கொஞ்சம் காத்திருந்து, உடம்போடு சாய்த்து முகம் தரையைப் பார்க்கிற மாதிரி வைத்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். எப்லி என்ற மருத்துவர் வகுத்த முறை, மருந்தும் இல்லை கத்தியும் இல்லை. மறுபடி செய்ய வேண்டி வந்தது, ஆனால் சுழற்சி போய்விட்டது.

மண்டையோட்டை மெல்லத் தொட்டு 'தாளத்தை' உணர்ந்து சரிசெய்கிறோம் என்கிற கிரேனியோசேக்ரல் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரே ஆளை இரண்டு பேர் தொட்டு எண்ணினால் கணக்கு ஒத்துப்போவதில்லை. அது தீங்கில்லாத வீண்செலவு என்றாவது விடலாம். தலையில் அடிபட்டவரின் கழுத்தைப் படக்கென்று முறித்துச் சொடுக்கெடுப்பதை விட முடியாது, கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. நாலு வாரம் தாண்டியும் தொந்தரவு போகவில்லை என்றால் கழுத்து, கண், சமநிலை, தூக்கம், மனநிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறவரிடம் போங்கள். என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்னாலேயே எத்தனை அமர்வு வேண்டும் என்று சொல்பவரிடம் போக வேண்டாம்.