கிராண்ட் கேன்யன் கோவேறு கழுதைச் சவாரி: மூன்று பேருக்கு இடம் கிடைத்தும் நான் மட்டும் இறங்கிய கதை

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கோவேறு கழுதை மேல் இறங்கி, அடியில் ஃபாண்டம் ராஞ்ச் என்ற விடுதியில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் ஏறி வர வேண்டும். எனக்கும் கணவருக்கும், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கும் இடம் வாங்கியிருந்தேன். கடைசியில் நான் மட்டும்தான் போனேன். திரும்பி வந்து இத்தனை நாள் ஆகியும் மனசு ஆறவில்லை. வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இடம் கிடைப்பதே குலுக்கலில்தான். பதினைந்து மாதம் முன்னால், அந்த மாதத்தின் 1-ஆம் தேதியிலிருந்து 25-ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அக்டோபரில் போக முந்தைய ஆண்டு ஜூலையில் கொடுத்தேன், விழுந்தது. விழாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் அங்கே காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகிறது. எங்கள் வரிசையில் வந்த ஒரு தம்பதிக்கு முந்தின நாள்தான் அப்படி இடம் கிடைத்ததாம்.

விதிகள் கறாரானவை. நம் எடை, உடுப்பு, ஷூ, கேமரா எல்லாம் சேர்த்து 200 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 90 கிலோ சொச்சம். உயரம் குறைந்தது 4 அடி 9 அங்குலம். அப்புறம், வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வது நன்றாகப் புரிய வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் நாங்கள் மாட்டினோம்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். அதனால் பதிவு செய்த கையோடு போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண், "மகள் பக்கத்தில் இருந்து சொன்னால் போதும், பிரச்சினை இல்லை" என்றார். அந்த ஒரு பேச்சை நம்பி அம்மாவின் விசா, விமான டிக்கெட் எல்லாவற்றையும் அந்தத் தேதியைச் சுற்றியே அமைத்தேன். போனில் சொன்னதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலைக்குள் எடை பார்த்துப் பதிய வேண்டும். நாங்கள் மானுமெண்ட் வேலியிலிருந்து காரில் வந்தோம். வழியில் கணவரின் போனைப் பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது. வயிற்றைக் கலக்கிவிட்டது. விஷயம் இதுதான்: அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் மாற்றுகிறார்கள். மானுமெண்ட் வேலி அந்த நிலத்தில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் போன் ஒரு மணி நேரம் முன்னால் காட்டும். அந்தப் பக்கமாக வருகிறவர்கள் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

தராசில் கணவர் 199. வீட்டுத் தராசில் 192 காட்டியவர்தான். ஜீன்ஸும் ஷூவும் ஜாக்கெட்டும் கேமராவும் ஏழு பவுண்டு ஏற்றிவிட்டன. மூன்று மாதமாக ராத்திரிச் சோற்றை விட்டவர், இறங்கியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து அம்மா ஏறினார். எடை பிரச்சினை இல்லை. மேசையில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் நேராக அம்மாவிடம் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கள் பேச வேண்டாம், அவர் பதில் சொல்லட்டும்" என்றார் அந்த ஆள். அம்மா பேசாமல் நின்றார். அவ்வளவுதான், பட்டியலில் அம்மா பெயரை அடித்துவிட்டார். போனில் சொன்னதைச் சொன்னேன். யார் சொன்னது, பெயர் என்ன என்று கேட்டார். என்னிடம் பெயர் இல்லை.

வெளியே வந்ததும் அம்மா, "நான் மாட்டு வண்டி ஓட்டினவடி. கழுதைக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கீழே போன் சிக்னல் கிடையாது, அம்மாவை விடுதியில் தனியாக விட முடியாது. "நீ போ, நான் அத்தைகூட இருக்கேன்" என்று கணவர் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கான பணம் திரும்பி வரவில்லை.

மறுநாள் விடியற்காலை, உள்ளே இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில், கழுதைகளை நிறுத்தும் கல் பட்டியிலிருந்து கிளம்பினோம். கோவேறு கழுதைகள் பாதையின் வெளி விளிம்பை ஒட்டியே நடக்கின்றன, நம் கால் பள்ளத்துக்கு மேலே தொங்குகிறது. முதல் முறை நின்றபோது வழிகாட்டி திரும்பிக் கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது. கழுதையின் தலையைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டுமாம், விளிம்பு எங்கே என்று அது தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள. என் கை தானாகப் பாறைப் பக்கம் இழுத்தது. அம்மாவும் அப்படித்தான் இழுத்திருப்பார். இடையில் இரண்டு கழுதைகள் இருக்கும்போது நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என்ன ஆகியிருக்கும்? விதி சரியானது என்று அங்கேதான் ஒப்புக்கொண்டேன். போனிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே என்ற கோபம் மட்டும் போகவில்லை.

ஐந்தரை மணி நேர இறக்கம். வழியில் ஹவசுப்பாய் கார்டன்ஸ் என்ற இடத்தில் மதியச் சாப்பாடு. 1928-இல் கட்டிய தொங்குபாலத்தில் கொலராடோ ஆற்றைத் தாண்டியதும் ராஞ்ச். இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. ஜீன்ஸுக்கு உள்ளே ஒட்டினாற்போல ஒரு லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொடை உரிந்துவிடும். தாடைக்குக் கீழே கயிறு கட்டாத தொப்பியை விடமாட்டார்கள். முதுகுப் பை கூடாது. தருகிற சின்னப் பிளாஸ்டிக் பையில் அடங்குவதுதான் உங்கள் சாமான். மாத்திரைகளை முதலில் வையுங்கள். சைவம் என்று பதியும்போதே சொல்லி, முந்தின நாளும் ஒருமுறை நினைவூட்டுங்கள். எனக்கு ராத்திரி மாமிசமில்லாத சூடான சாப்பாடு வந்தது.

என் பிளாஸ்டிக் பையில் இன்னொன்றும் வைத்திருந்தேன்: வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்பும் தபால்தலை ஒன்று. ராஞ்ச்சில் போடும் கடிதங்கள் கோவேறு கழுதை மேல்தான் மேலே போகின்றன. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கழுதை மூலம் அனுப்பியது என்று முத்திரையும் உண்டு. உணவுக்கூடத்தில் ஒரு அஞ்சலட்டை வாங்கி, மதுரை வீட்டு முகவரிக்கு, அம்மா பெயரில், தமிழில் எழுதினேன்.

மறுநாள் சவுத் கைபாப் பாதை வழியாக ஏறி வந்தபோது, விளிம்பில் கணவரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தார். கார்டைப் பற்றிச் சொல்லவில்லை. நவம்பரில் ஊருக்குப் போன அன்றைக்கே போன் வந்தது. அப்பா வாங்கி வைத்திருந்தாராம்.

"முத்திரை கொஞ்சங்கூட அழியலடி" என்றார் அம்மா.