வீட்டு ஒயரிங்: எதுவரை நானே செய்கிறேன்

பழைய வீட்டின் ஒயரிங்கை மாற்றும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது. சுவரில் காடி வெட்டியது, கண்டூட் பைப் பதித்தது, ஒயர் இழுத்தது, ஸ்விட்ச் பெட்டிகளைப் பொருத்தியது எல்லாம் நான்தான். மெயின் ஸ்விட்ச், விநியோகப் பெட்டி, எர்த் இந்த மூன்றிலும் கை வைக்கவில்லை. அவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டிருக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன்பே அவரிடம் பேசி, எந்த லைன் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து வாங்கிக்கொண்டேன்.

"மெயினை அணைத்துவிட்டால் பயம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தாலும் சில லைன்களில் மின்சாரம் இருக்கும். அதனால் ஒயரைத் தொடும் முன் டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு தொடப்போகும் ஒயரில், கடைசியாக மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில். பழுதான டெஸ்டரும் மின்சாரம் இல்லை என்றுதான் காட்டும்.

வேலை செய்யும்போது ஷாக் அடிப்பதை விட, வேலை முடிந்த பிறகு வரும் ஆபத்துதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பிளக் பாயின்ட்டில் திருகு சரியாக இறுகாமல், அந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். 16 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 128 வாட் வெப்பம் உண்டாகும். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னுக்கு 25 வாட்டே போதும். ஓடுவது வழக்கமான அளவு மின்சாரம்தான் என்பதால், அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்சான எம்.சி.பி. விழாது. எர்த்துக்குக் கசிவு இல்லாததால், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. பிளாஸ்டிக் மட்டும் உள்ளே கருகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் தாமிர இழைகளை முறுக்கி, ஒன்றுகூட வெளியே நிற்காமல் துளைக்குள் செலுத்தி, ஒயரின் உறை திருகுக்கடியில் சிக்காமல் பார்த்து இறுக்குகிறேன். பிறகு ஒயரைப் பிடித்து இழுத்தும் பார்க்கிறேன். அவசரப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

இவ்வளவு செய்கிறவன் விநியோகப் பெட்டியை மட்டும் ஏன் விட வேண்டும்? செய்ததைச் சோதித்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. பைப் வளைவில் ஒயரின் உறை உரசிக் கிழிந்திருந்தால் மல்டிமீட்டருக்குத் தெரியாது. அது சோதிப்பது சில வோல்ட்டில்தான். ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவியான மெக்கர் 500 வோல்ட் செலுத்திப் பார்க்கும். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். புது ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். எர்த்தின் மின்தடையை அளக்கவும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்று பார்க்கவும் தனிக் கருவிகள் வேண்டும். அளக்கத் தெரியாத வேலையை முடித்துவிட்டு, அதை நம்பி வீட்டில் குழந்தைகளைத் தூங்கவைக்க என்னால் முடியாது. உரிமம் இல்லாதவர் இதைச் செய்யக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருப்பதும் நியாயம்தான்.

அடுத்தது வெந்நீர் ஹீட்டருக்கான தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தாயிற்று. முனைகளை இன்னும் இணைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் மெக்கரோடு வந்து ஒவ்வொரு லைனாக அளந்து, அளவுகளை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை விநியோகப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கப் போகிறேன்.