கழுத்தா, மணிக்கட்டா? என் நரம்புக் கடத்தல் பரிசோதனை

சென்ற மார்கழியில் என் வலக்கையின் கட்டைவிரலும் அதை அடுத்த இரு விரல்களும் பின்னிரவில் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால்தான் உணர்வு திரும்பும் என்ற நிலை ஏற்பட்டது. எம்.ஆர்.ஐ படத்தில் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று சற்றுப் பிதுங்கியிருந்ததால், அதுவே காரணம் என்று கழுத்துப் பட்டையோடு ஐந்து மாதங்கள் கழிந்தன. கழுத்துவலி குறைந்தது, மரப்பு குறையவில்லை. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழத் தொடங்கிய பிறகே நரம்பியல் மருத்துவரிடம் சென்றேன்.

ஐம்பதைக் கடந்த பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே வட்டு பிதுங்கியிருக்கும் என்றும், படம் உருவத்தைத்தான் காட்டும், நரம்பு வேலை செய்கிறதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

நரம்பை மின்துடிப்பால் தூண்டி அது கடத்தும் வேகத்தை அளக்கும் அந்தப் பரிசோதனைக்குக் கையில் எண்ணெய் எதுவும் தடவாமல் வரச் சொல்லியிருந்தும், வலி பொறுக்காமல் முதல்நாள் இரவு தைலம் தேய்த்திருந்தேன். பரிசோதனை செய்த பெண் பொறுமையாகத் துடைத்தெடுத்தார். தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக இருந்ததால், வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார். ஒரு டிகிரி குறைந்தால் கடத்தும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும் என்பதால், கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் நோயுற்றதுபோல் தோன்றிவிடுமாம். அந்தக் கவனம்தான் முடிவின்மீது எனக்கு நம்பிக்கை தந்தது.

மின்துடிப்பு ஒவ்வொன்றும் சுண்டிவிட்டதுபோல் இருந்தது. என் விருப்பமின்றியே கட்டைவிரல் துள்ளியது. வலி என்று சொல்லுமளவுக்கு இல்லை. மணிக்கட்டில் தூண்டிய மின்துடிப்புக்குக் கட்டைவிரல் தசை பதில் தர 5.8 மில்லி வினாடி ஆனது. அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 4.2. ஆனால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே அதே நரம்பு, அதாவது கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குச் செல்லும் மீடியன் நரம்பு, வினாடிக்கு 54 மீட்டர் வேகத்தில் இயல்பாகக் கடத்தியது.

என்னை வியக்கவைத்தது மோதிரவிரல். அந்த விரலின் ஒரு பாதிக்கு மீடியன் நரம்பும் மறுபாதிக்குச் சுண்டுவிரல் பக்கம் செல்லும் அல்னார் நரம்பும் உணர்வு தருகின்றன. மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, அவ்விடத்தில் வளையம்போன்ற மின்முனைகளை மாட்டி, மணிக்கட்டில் ஒரே தொலைவில் இரு நரம்புகளையும் தனித்தனியே தூண்டினார்கள். ஒரே விரல், ஒரே வெப்பம், ஒரே தொலைவு என்பதால் வேறுபாடு இருந்தால் அதற்கு நரம்பே பொறுப்பு. அரை மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டிய வேறுபாடு எனக்கு 1.4 ஆக இருந்தது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தசைநாருக்கும் இடையிலுள்ள குறுகிய பாதையில் நரம்பு நசுங்குவதே நோய்; கார்பல் டனல் என்பது அதன் பெயர். கழுத்தில் நரம்புவேர் நசுங்கியிருந்தால், உணர்வு நரம்பணுக்களின் மையப்பகுதியான செல் உடல் அந்த இடத்துக்கு வெளியே இருப்பதால், விரலில் பதிவாகும் உணர்வலை பெரும்பாலும் கெடாது என்று மருத்துவர் சொன்னபோது, வீணான ஐந்து மாதங்களை எண்ணி வருந்தினேன்.

அலை தாமதமாக வந்தாலும் அதன் உயரம் குறையவில்லை. அதாவது நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறைதான் பழுதாகியிருந்தது, இழை பிழைத்திருந்தது. தசையில் ஊசி செலுத்திப் பார்த்த சோதனையும் அதையே காட்டியதால், அறுவைச் சிகிச்சைக்கு முன் இரவுநேர மணிக்கட்டுப் பட்டையை முயலலாம் என்று முடிவாயிற்று. ஏழு வாரங்களாக அணிகிறேன்; இரவில் விழித்துக் கையை உதறுவது வெகுவாகக் குறைந்துள்ளது.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கால்களையும் சோதித்தார்கள். முடிவு இயல்பு என்றே வந்தது. ஆனால் பாதங்கள் இரவில் எரிகின்றன. இந்தச் சோதனை தடித்த, வேகமான இழைகளை மட்டுமே அளக்கும், எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் இதில் சிக்குவதில்லை, ஆகவே என் எரிச்சல் வெறும் பிரமையன்று என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். அதற்கான பரிசோதனை அடுத்த மாதம்.