அம்மா நடந்தே வந்தார், அந்தோனியாரிடம்

அம்மாவின் நேர்த்தி இது. கால் தப்பினால் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இந்தக் காலாலேயே நடந்து வருவேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வேண்டிக்கொண்டார். ஒரு விரலை மட்டும் எடுத்தார்கள், கால் தப்பியது. போன செவ்வாய்க்கிழமை நேர்த்தியைத் தீர்த்துவிட்டோம். அந்தோனியாருக்குக் கோடி நன்றி.

கால் அந்த நிலைக்குப் போன கதையையும் சொல்லத்தான் வேண்டும். சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் இருந்த நேரம், தெரிந்தவர்கள் அம்மாவை ஒரு செபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். கைதட்டிப் பாடுவதையும் அழுது செபிப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். அப்படிச் செபித்துக் குடியை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அங்கே பேசியவர், இன்சுலின் போடுவது அவிசுவாசம் என்றார். அம்மா ஊசியை நிறுத்தினார். புண் கறுத்ததும், வீட்டில் மறைந்த பாவம் இருக்கிறது, விசேஷ காணிக்கை வையுங்கள் என்றார். அதன்பிறகு அம்மா அம்மாவாக இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த பொங்கலைத் தொடப் பயந்தார். இரவில் லைட்டை அணைக்கவே விடவில்லை. ஆறுதல் தேடிப் போன மனுஷி ஆண்டவருக்கே பயந்து நடுங்கினார்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஜம்பட்டா வீதியில் ஓட்டோவை விட்டு இறங்கி, மெல்ல மெல்ல நடந்தோம். அப்பப்பா, என்ன சனம்! மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒருவர் போட்டோகொப்பி எடுத்த செபம் ஒன்றைத் திணித்தார். இதை இத்தனை பேருக்குக் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று அடியில் எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடனைக் கட்ட முடியாத ஏழைகளைச் சிறையில் போடாதபடி 1231இல் பதுவை நகரத்துச் சட்டத்தையே மாற்றவைத்தவர் அந்தோனியார். அவர் யாருடைய குடும்பத்துக்குக் கேடு அனுப்பினார்? அம்மா கண்ணில் படுமுன் கிழித்துப் போட்டேன்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். 2019 ஏப்ரல் 21, அந்த உயிர்ப்பு ஞாயிறு நினைவுக்கு வராமல் இந்த வாசலைக் கடக்க முடியுமா? இங்கே குண்டு வெடித்து இரண்டு மாதம் ஆகுமுன், அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாளே இந்தக் கோயிலை மறுபடி திறந்தார்கள்.

அம்மா முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வெளியே வந்தபோது முகமே வேறு. காலுக்கு வந்த இந்த வருத்தம் தண்டனையா என்று பாதரிடம் கேட்டாராம். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்துப் பிறவிக் குருடனை அவர் நினைவுபடுத்தினாராம்: இவன் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே அம்மா, ஊசியை ஒழுங்காகப் போடுங்கள்.

பிறகு சுரூபத்தடி. வரிசையில் எங்களுக்கு முன்னால் நெற்றியில் திருநீறோடு ஒரு ஐயா, பின்னால் கைக்குழந்தையோடு ஒரு சிங்களப் பெண். அம்மா செருப்பில்லாத அந்தக் காலை, கட்டோடு, முன்னே எடுத்து வைத்தார். சுரூபக் கூட்டின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "வந்திட்டன் அப்பா" என்றார். அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை. பின்னால் குழந்தை வீறிட்டு அழ, அம்மாவே திரும்பி அந்தப் பிள்ளைக்கு இடம் விட்டு, தாய் சுரூபத்தைத் தொடும்வரை அவள் மெழுகுதிரியைத் தன் கையில் வாங்கி வைத்திருந்தார். பல மாதமாக யாரையும் ஏறிட்டுப் பார்க்காத அம்மா! நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்ன செபித்தேன் என்றுகூட நினைவில்லை.

"பிள்ளை, ஊசிக்கு நேரமாகுது, போவமா?" என்று அம்மாதான் என்னைக் கூப்பிட்டார்.

காலைக் காப்பாற்றிய டொக்டருக்கும், இரவெல்லாம் கட்டுமாற்றிய மிஸ்மாருக்கும், அந்தப் பாதருக்கும் நன்றி. அந்தோனியாரே, ஜூன் 13 திருநாளுக்கும் அம்மாவைக் கூட்டிவர அருள் தாரும். அந்தக் கூட்டத்தில் இன்னும் மருந்தை விட்டுவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களையும் உம்மிடமே ஒப்படைக்கிறேன்.